கொசு அக்கா கொண்டுபோன நல்ல செய்தி

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பவருக்கு, அந்தக் குழந்தைகளின் பெற்றோர் வைத்த பெயர் கொசு அக்கா. குத்தியது தெரிவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார் என்பதால் வந்த பெயர். பட்டப்பெயராகத் தொடங்கி, பெரிய டாக்டரே "கொசுவைக் கூப்பிடுங்க" என்று வார்டில் குரல் கொடுக்கும் அளவுக்குப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அக்கா இரண்டாம் தடவைதான் திரும்புவார்.

பிறந்த குழந்தையின் நரம்பு தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அக்கா அவசரப்பட மாட்டார். குழந்தையின் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடு ஏற்றுவார். "என்ன பெரிய மனுஷா, தூக்கமா? நான் வந்த வேலையை முடிச்சிட்டுப் போயிடறேன், நீங்க பாட்டுக்குத் தூங்குங்க" என்று விசாரிப்பார். பெரிய மனுஷன் வீல் என்று கத்துவதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

ஆனால் அம்மாக்கள் அவரைத் தேடி வந்தது ஊசிக்காக இல்லை. பஞ்சை வைத்து அழுத்தி, மேலே பிளாஸ்டர் ஒட்டியதும், அக்கா ஒரு நல்ல வார்த்தை சொல்வார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லா மருந்தும் கிடைத்தது, நல்ல வார்த்தை மட்டும் எப்போதும் கையிருப்பில் இல்லை. டாக்டர்கள் "பார்க்கலாம்" என்பார்கள். பெரிய டாக்டர்கள் "இப்பவே சொல்ல முடியாது" என்பார்கள். அதற்கும் பெரிய டாக்டர் எதுவும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அக்கா மட்டும், "காலைப் பாருங்க, என்னா உதை! இவன் உங்களைச் சும்மா விடமாட்டான்" என்பார். சொன்னதெல்லாம் உண்மை. நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான். கேட்ட அம்மாக்களுக்குப் பஸ் ஏறும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

மூன்றாவது மாடியில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. வயிற்றில் இருக்கும்போதே ஒரு வைரஸை வாங்கிக்கொண்டு பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி. அந்த வைரஸின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து ஒரு நிறுத்தம் தாண்டிவிடும். அதனால் எல்லோரும் சி.எம்.வி. என்றார்கள். பெரியவர்களுக்கு வந்தால் இரண்டு நாள் அசதி; பலருக்கு அதுவும் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்குப் போனால்தான் சில வேளை வில்லங்கம். அதிலும் காது விஷயத்தில் அது பலே கள்ளன். பிறந்தபோது நன்றாகக் கேட்ட காது, குழந்தை நடக்கவும் பேசவும் தொடங்குகிற பருவத்தில் சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டுவிடும்.

பிறந்த குழந்தையின் உடம்பு இந்த வைரஸை எப்படி எதிர்க்கிறது என்று தெரிந்துகொள்ள, மூன்றாவது மாடிக்கு ரத்தம் வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில், மறுபடி மறுபடி. எனவே கொசு அக்காவை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் அவருக்குப் பட்டாணி அறிமுகமானான். எடை குறைவாக, உருண்டையாக, தோலெல்லாம் புள்ளியோடு பிறந்தவன். அவனுடைய அம்மா பேருந்து நடத்துநர். எவ்வளவு கூட்டத்திலும் "உள்ள போங்க, உள்ள போங்க, வண்டி என்ன படிக்கட்டிலயா ஓடுது?" என்று அதட்டிப் பழகிய குரல். அந்தக் குரல் மூன்றாவது மாடியில் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"மூத்தவ மிச்சம் வெச்சதை எல்லாம் நான்தான் சாப்பிட்டேன் அக்கா. அவ கடிச்ச பழம், அவ எச்சில் பண்ண தம்ளர்... இவன் வயித்துல இருக்கறப்பவே. சின்னப் பிள்ளைங்க எச்சில்ல இருந்துதான் நிறைய பேருக்கு வருதுன்னு டாக்டர் சொல்றார்."

"எந்த அம்மா மிச்சம் சாப்பிடலை? மிச்சத்தை எடுத்துட்டா பாதி அம்மாங்க பட்டினிதான் கிடக்கணும்."

"எல்லார் பிள்ளைக்கும் வரலையே அக்கா."

அக்கா பஞ்சை இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வார்த்தை கிடைக்காமல் அவர் ஓர் அம்மாவை அனுப்பிவைத்தது அன்றைக்குத்தான். அது அவருக்குக் கடனாக உறுத்தியது.

பட்டாணிக்கு இரண்டு இடத்தில் வேலை. ரத்தம் மூன்றாவது மாடியில். காது பார்ப்பது பின்கட்டடத்தில், ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தைத் தாண்டி. ஆளுயர இயந்திரங்கள் தடதடவென்று ஓடும் கூடத்துக்கு அடுத்த அறையில்தான் காதைச் சோதிக்க வேண்டும் என்று முடிவெடுத்த மகான் யார் என்பது இதுவரை வெளிவரவில்லை. சோதிக்கிறவர் பாவம், சுவரெல்லாம் பஞ்சு அடைத்துக் கதவுக்கு மேல் கதவு போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். மதியத்துக்கு முன்பே அறையைப் பூட்டிவிடுவார். ரத்தம் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டடத்துக்கு ஓடினால், "நாளைக்கு வாங்க" என்பார். நடத்துநருக்கு நாளைக்கு வண்டி இருக்கும். இருந்தாலும் முதல் சில தடவை எப்படியோ ஓடிப் போய்ப் பார்த்தாள். காது நன்றாகவே இருந்தது.

பட்டாணி தவழ ஆரம்பித்த சமயம், ஆராய்ச்சி டாக்டர் ஒரு நாள் அக்காவைக் கணினிக்கு முன்னால் நிறுத்தினார். இளவயதுக்காரர். சந்தோஷம் வந்தால் யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும்.

"அக்கா, இங்க பாருங்க. இது சாதாரணப் பாப்பாவோட ரத்தம்."

கறுப்புத் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள்.

"இது உங்க பட்டாணி."

திரையின் ஒரு மூலையில் சிவப்புப் புள்ளிகள் ஈக்கூட்டம் போல் மொய்த்துக் கிடந்தன.

"இதெல்லாம் அந்த வைரஸை அடையாளம் தெரிஞ்சு வெச்சிருக்கற அணுக்கள். பிறந்த பிள்ளைக்குச் சண்டை போடவே தெரியாதுன்னுதான் நாங்க படிச்சோம். இவனைப் பாருங்க, பெரியவங்களுக்கு இருக்கற மாதிரி இருக்கு! ஆனா அக்கா, என்னன்னா..."

டாக்டர் 'ஆனா' என்று இழுத்தபோது அக்கா படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

கீழே வரிசை நாற்காலியில் நடத்துநர் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கண்டக்டரம்மா, உன் பிள்ளை ரத்தத்துல ஒரு படையே நிக்குது! நான் கண்ணால பார்த்தேன். பெரிய ஆம்பளைக்கு இருக்கற அளவு. அந்த வைரஸை அவன் பார்த்துக்குவான். நீ போய் நிம்மதியா டிக்கெட் கிழி."

"நிஜமாவா?"

"கொசு பொய் சொல்லுமா?"

நடத்துநர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, "அப்போ காது?" என்றாள்.

"பார்த்த வரைக்கும் நல்லாத்தானே இருக்கு? படை நின்னா அங்கயும் சேர்த்துத்தானே காவல்?"

அன்று நடத்துநர் பின்கட்டடத்துக்குப் போகவில்லை. படை நிற்கிறது என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

அதற்கடுத்த தடவை அவளால் வண்டியை வேறொருவருக்கு மாற்றிவிட முடியவில்லை. அடுத்து மூத்தவளுக்குக் காய்ச்சல். ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பயம் வந்தது, குழந்தை நழுவிவிடுமோ என்று. பாதியில் வராமல் நின்றுபோன குழந்தையின் ரத்தத்துக்கு அங்கே மதிப்புக் கம்மி. அக்காவே ஒரு வழி சொன்னார். "நான் பஸ் டிப்போவுக்கே போய் எடுத்துட்டு வந்துடறேனே? அவங்க எதுக்கு அலையணும்?" எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ரத்தம் பையில் வைத்து எடுத்துவரக் கூடிய பொருள். காது அறையை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டிப்போவில் நடத்துநர்கள் ஓய்வெடுக்கும் அறை. நீள பெஞ்சு, சுவரில் தொங்கும் காக்கிச் சட்டைகள், டீசல் வாடை. அக்கா வருகிற நாளில் ஓட்டுநர்கள் எல்லாம் இடத்தைக் காலி செய்வார்கள். அவர்களில் ஒருவர், வண்டி ஓட்டும்போது எமனுக்கே வழிவிடாதவர், குழந்தையின் கையில் ஊசியைப் பார்த்தால் மயங்கிவிடுவார்.

"பிள்ளைக்குக் காது எல்லாம் எப்படி?" என்று அக்கா கேட்பார். கேட்காமல் இல்லை.

நடத்துநர் விசிலை எடுத்துக் காட்டுவாள். "தினம் நானே செக் பண்றேன் அக்கா." குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஊது ஊதுவாள். டிப்போ முழுக்கத் திரும்பும். ஓர் ஓட்டுநர் பழக்கதோஷத்தில் வண்டியைக் கிளப்பிவிடுவார். பட்டாணியும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

"பார்த்தீங்களா? சிங்கம்!"

பட்டாணிக்கு அக்கா என்றால் பயம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அக்கா பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டாலே பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்வான். ஒரு முறை அவன் பெஞ்சில் உட்கார்ந்து மூடி ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான். அக்கா பின்பக்கமாக வந்து ஜிப்பைத் திறந்தார். அவன் அசையவில்லை. பஞ்சை எடுத்தார், குழாயை எடுத்தார். அவன் மூடியை உருட்டிக்கொண்டே இருந்தான். முன்னால் வந்து நின்றபோதுதான் உதட்டைப் பிதுக்கினான்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பயம் போயிடுச்சு கண்டக்டரம்மா! என்னோட பழகிட்டான் பாரு!" மூன்றாவது மாடிக்கு வந்தும் இதையே சொல்லி மகிழ்ந்தார். "எத்தனையோ பிள்ளைங்க. இவன் ஒருத்தன்தான் நான் வந்தா ஓடலை."

கண்டுபிடித்தது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"அம்மா, இவன் என் வாயைத்தான் பார்க்கறான். வாயைக் கையால மூடிட்டுப் பேசினா, போயிடறான்."

"சும்மா இருடி. உனக்கு எப்பவும் அவன் மேல குற்றம்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நடத்துநர் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு மெதுவாக அவனைக் கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டாள். தட்டைக் கீழே வைத்தபோது, பட்டாணி அவளைப் பார்த்துக் குஷியாகச் சிரித்தான்.

மறுநாள் வண்டிக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்கட்டடத்துக்குப் போனாள். அங்கிருந்து நேராக மூன்றாவது மாடிக்கு வந்தாள். வழக்கமாகப் படியேறும்போதே குரல் வரும். அன்று வந்து நின்ற பிறகுதான் அக்கா பார்த்தார்.

"இடது பக்கம் ஒண்ணுமே இல்லையாம் அக்கா. வலது பக்கம் சின்னச் சத்தம் எல்லாம் கேட்கலையாம். பெரிய சத்தம்தான் கேட்குமாம். அதான் விசில்..."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இந்தப் பக்கமாவது நிக்குமான்னு கேட்டேன். அடிக்கடி வந்து பார்க்கணும்னு சொல்றார். நான் வரேன் அக்கா. பிள்ளை கீழ எங்க டிரைவர்கிட்ட இருக்கான்." படியில் இரண்டு அடி இறங்கித் திரும்பினாள். "நீங்க மட்டும்தான் எங்களுக்கு நல்லதா நாலு வார்த்தை சொன்னீங்க. அதை மறக்கமாட்டேன்."

திட்டியிருக்கலாம். ஒரு நடத்துநர் திட்ட வேண்டும் என்று நினைத்தால் எப்படித் திட்டலாம்! அதற்காக அக்கா அன்று முழுவதும் ஏங்கினார்.

மாலையில் ஆராய்ச்சி டாக்டரிடம் போய் நின்றார். "அன்னைக்கு 'ஆனா'ன்னு ஆரம்பிச்சீங்களே டாக்டர். மிச்சத்தைச் சொல்லுங்க."

டாக்டருக்கு முதலில் எந்த நாள் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகமும் சுருங்கிவிட்டது.

"படை இருக்கு அக்கா. நிறையவே இருக்கு. ஆனா விரட்ட முடியறதில்லை. குடிவந்தவன் வாடகையும் தராம வீட்டையும் காலி பண்ணாம உட்கார்ந்திருந்தா எப்படி? அந்த மாதிரி. சிறுநீர்ல, எச்சில்ல எல்லாம் வருஷக்கணக்கா வைரஸ் வந்துகிட்டேதான் இருக்கு. படை பெருசா இருக்கறதே, எதிராளி இன்னும் உள்ள இருக்கான்னுதான் காட்டுது. உள்ளேயே சண்டை நடந்தா பாத்திரம் பண்டம் உடையுமா, காது கெடறதுல அந்தச் சண்டைக்கும் பங்கு உண்டா, அதெல்லாம் எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் தேடறோம்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா காது நின்னிருக்குமா?"

"அதுவும் சொல்ல முடியாது. ஆனா காதுல மெஷின் மாட்டியிருக்கலாம். பேச்சு பிடிக்கற வயசு அது. ஒரு வருஷத்துப் பேச்சு அவன் காதுல விழாமலே போயிடுச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய டாக்டராக வருவார் என்பதற்கான அறிகுறி அதில் இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கைப்பையைக் கட்டிலில் வைத்து, ஜிப்பை மூடித் திறந்தார். மூடித் திறந்தார். அவருடைய புருஷன் சமையல்கட்டில் இருந்து, "பை ரிப்பேரா? கொடு, எண்ணெய் விடறேன்" என்று குரல் கொடுத்தார். அந்தச் சின்னச் சத்தம் சமையல்கட்டுவரைக்கும் கேட்டிருந்தது.

பயம் போய்விட்டது என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தோம் என்று அக்கா யோசித்துப் பார்த்தார். பேர் பேராக ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் ஊசிப் பை இல்லாமல் டிப்போவுக்குப் போனார். நடத்துநர் மதிய வண்டி முடித்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொல்லி முடிக்காததை, தான் பாதியில் ஓடி வந்ததை, ஜிப்பை.

"நான் சொன்னதை நம்பித்தானே நீ அங்க போகலை. நான் இங்க வந்து வந்து எடுத்துட்டுப் போனதாலதானே ஆஸ்பத்திரிப் பக்கமே வராம இருந்தே."

நடத்துநர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தக் காது ரூமுக்குப் போறப்ப எல்லாம் எனக்குப் பயமா இருக்கும் அக்கா. இன்னைக்கு என்ன சொல்வாரோன்னு. போகாம இருக்க ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதான்னு பார்த்துகிட்டே இருந்தேன். நீங்க வந்து கொடுத்தீங்க. யார் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன்."

"இருந்தாலும்..."

"இருந்தாலும் நீங்கதான் கொடுத்தீங்க. அது சரிதான்."

அக்கா கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கிடைத்ததும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"வலது காதுக்கு மறுபடி பார்க்கப் போறோம்" என்றாள் நடத்துநர். "அந்த ரூம்ல அவன் யார்கிட்டயும் உட்காரமாட்டேங்கறான். என்னால முடியலை, எனக்கு அழுகை வந்துடுது. நீங்க வர்றீங்களா?"

வலது காதுக்கு மெஷின் மாட்டிய பிறகு போனார்கள். நடத்துநர் வெளியே இருந்துகொண்டாள். பஞ்சடைத்த அறை. பட்டாணியின் காதில் சோதனைக்கான பெரிய ஹெட்ஃபோன். எதிரில் கொசு அக்கா, நடுவில் மரக்கட்டைகளும் ஒரு டப்பாவும். சத்தம் கேட்டால் ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும், இதுதான் விளையாட்டு. பட்டாணி கையில் கட்டையைப் பிடித்தபடி அக்காவின் முகத்தையே பார்த்தான். அக்கா அவனைப் பார்த்து லேசாகக் கண்ணை விரித்தார். கட்டை விழுந்தது.

கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் இருந்து காது பார்ப்பவர் குரல் கொடுத்தார். "அம்மா, நான் இன்னும் சத்தமே போடலை. உங்க முகத்தைப் பார்த்துப் போடறான்."

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"உங்க முகம் சும்மா இருக்கமாட்டேங்குது. தலையைக் குனிஞ்சுக்குங்க."

அக்கா குனிந்தார். பட்டாணியும் குனிந்து கீழிருந்து எட்டிப் பார்த்தான். கடைசியில் அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சு விடுவது கேட்டது. வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு கட்டை விழுந்தது. மறுபடி ஒன்றுமில்லை. சத்தம் கொடுத்து அவனுக்குக் கேட்கவில்லையா, சத்தமே கொடுக்கவில்லையா என்று அக்காவுக்குத் தெரிய வழியில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது. பஞ்சுச் சுவரில் ஒரு தையல் பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, டொக் என்ற அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார். இன்னொன்று விழுந்தது. இன்னும் ஒன்று.

வெளியே வந்து காது பார்ப்பவர், "வலது பக்கம் போன தடவை இருந்த மாதிரியே இருக்கு. மெஷின் வேலை செய்யுது" என்றார்.

நடத்துநர் அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"அப்போ இனிமே குறையாதில்ல அக்கா?"

அக்கா வாயைத் திறந்தார். துணிக்கூடத்தில் இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது.

"தெரியாது கண்டக்டரம்மா. மறுபடி வந்துதான் பார்க்கணும்."

நடத்துநர் பையனின் செருப்பைப் போட்டுவிட்டாள். மெஷினின் கம்பியைக் காதுக்குப் பின்னால் சரியாக ஒதுக்கினாள். எழுந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே டிப்போவுக்கு வராதீங்க அக்கா. ரத்தத்துக்கும் நாங்களே இங்க வந்துடறோம்."

"சரி" என்றார் கொசு அக்கா.